பதினைந்து போதும்

"எவன்யா இந்த பாய்லரைச் செஞ்சான்? அவனைக் கூட்டிட்டு வந்து இந்தக் கூடத்துல ஒரு ராத்திரி படுக்க வைக்கணும்!"

வீட்டுக்குள்ளேயே கோட்டோடு நின்ற க்ளிஃபர்ட் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஜனவரிக் குளிர். வாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே புகை வந்தது. காலையிலிருந்து அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்றில்கூடச் சூடு இல்லை.

வேறு நாளாக இருந்தால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு சமாளித்திருப்பார். இன்று மகள் ஹெதர், பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வருகிறாள். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, வீடு கதகதன்னு இருந்தா வரேன். இல்லேன்னா மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன். நான் வெறைச்சு வளர்ந்தது போதும், என் பொண்ணும் வெறைக்கணுமா?"

பேத்தி முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போவதா? நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தாதே க்ளிஃப்," என்றபடி அவர் மனைவி பெரில் கோட்டை மாட்டினாள். "கடைக்குப் போய் பேட்டரி வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

"வீடே வெறைச்சுக் கிடக்கு, உனக்கு இப்பத்தான் பேட்டரி கேக்குதா?"

"சமையல்கட்டுக் கடிகாரம் நின்னுபோச்சு."

"நிக்கட்டும்! மணி பார்த்தா குளிர் போயிடுமா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இந்த வீட்டில் பொறுப்பான ஆள் தான் ஒருவர் மட்டுமே என்று க்ளிஃபர்ட் முணுமுணுத்துக்கொண்டார்.

வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கக் கூடத்துச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் அவருடைய ராஜ்ஜியம். அதன் குமிழைப் பதினைந்து டிகிரியில் நிறுத்தி, யாரும் தொடாதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். சின்ன வயதில் ஹெதர் ஒருமுறை அதைத் திருகிவிட்டு வாங்கிய திட்டு ஊருக்கே தெரியும். கல்யாணமானபின் குளிர்காலத்தில் அவள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

முன்பெல்லாம் கோட்டோடு உட்கார்ந்து டிவி பார்த்தவர், இரண்டு வருடமாக வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "பதினஞ்சு போதும்யா, உடம்பைப் பழக்கணும்!" என்று கிளப்பில் மார்தட்டுவார். அப்படியும் எரிவாயு பில் ஏறிக்கொண்டே போனதால் கம்பெனிக்காரர்களோடு ஓயாத சண்டை. பதினைந்துக்கு இவ்வளவா, பகல் கொள்ளையாக இருக்கிறதே என்று.

அந்த க்ளிஃபர்ட்தான் இன்று பேத்திக்காகத் தன் கையாலேயே பிளாஸ்திரியைப் பிய்த்தார். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று கடைசி வரை திருகினார். பாய்லர் முனகக்கூட இல்லை.

பாய்லர் மெக்கானிக் கெய்லி கருவிப் பெட்டியோடு உள்ளே வந்து ஷூவைக்கூடத் துடைத்திருக்க மாட்டாள், அவர் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடிதான் புதுசா மாட்டினீங்க! அதுக்குள்ள மண்டையைப் போட்டுடுச்சே? கேக்க ஆளில்லைன்னு நெனப்பா?"

"மாட்டினது நான் இல்ல சார். அழுத்தம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், முள்ளு சரியாத்தான் நிக்குது."

"ரீசெட் பட்டன்?"

"விரல் தேய அமுக்கியாச்சு. வெளிக்குழாய் உறைஞ்சிருக்குமோன்னு கெட்டில் கெட்டிலா வெந்நீர் ஊத்தினேன். வழுக்கி விழுந்து இடுப்பு போனதுதான் மிச்சம்!"

கெய்லி சமையலறைக் குழாயைத் திறந்தாள். ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது.

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு சார். வீட்டைச் சூடாக்குன்னு அதுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

"யாரும் சொல்லலையா? முப்பதுல வெச்சிருக்கேன்! இன்னும் எப்படிச் சொல்லணும், காலுல விழணுமா?"

போன் அடித்தது. ஹெதர்தான்.

"அப்பா, கிளம்பிட்டோம். வீடு சூடா இருக்குல்ல?"

"இருக்கும்மா... இருக்கும்." போனை வைத்தவர் கெய்லியிடம் கைகூப்பாத குறையாக நின்றார். "அம்மா, எதையாவது பண்ணு. அவ இந்த வீட்டுக்கு வரணும்."

கெய்லி கூடத்துக்கு வந்து, தெர்மோஸ்டாட்டின் திருகாணியைக் கழற்றி அதைச் சுவரிலிருந்து இழுத்தாள். பின்பக்கம் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சார், புது பாய்லர் மாட்டினப்போ நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"இல்ல, தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பெரில்தான் கூட நின்னு பார்த்துக்கிட்டா. ஏன்?"

"இதோட ஒயரை அப்பவே பிடுங்கிட்டாங்க. இது சும்மா சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த மாடலுக்கு ஒயரே வேண்டாம். கையடக்கமா ஒரு பெட்டி குடுத்திருப்பாங்க, அதுலேருந்துதான் பாய்லருக்கு உத்தரவு போகும்."

"அப்ப ரெண்டு வருஷமா எவன் உத்தரவு போட்டான்?"

சமையலறைக் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவது கூடம் வரை கேட்டது.

கதவு திறந்தது. மூச்சு வாங்க உள்ளே வந்த பெரில் யாரையும் பார்க்காமல் நேரே தன் பின்னல் வேலைக் கூடையருகே போனாள். கம்பளி நூலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து, புது பேட்டரிகளைப் போட்டாள். சமையலறையில் பாய்லர் 'குப்' என்று பற்றிக்கொண்டது.

"எப்பவும் போல இருபத்திரண்டு," என்று பெட்டியைப் பார்த்துப் படித்தாள் பெரில். "அந்தக் கோட்டைக் கழட்டு க்ளிஃப், இன்னும் கொஞ்ச நேரத்துல உன்னோட பதினஞ்சு வந்துடும்."