நான்குக்குப் பூஜ்யம்

ஒரு கோல்கூடப் போடாமல் நாலு கோல் வாங்கித் தோற்போம் என்று செயற்கை நுண்ணறிவு முந்தின நாளே சொல்லிவிட்டது. எந்த நாட்டு ஆட்டத்திலும் அது பிசகியதில்லை. அறுபதாவது நிமிடத்தில் நாலாவது கோல் விழுந்ததும் எங்கள் கோல்கீப்பர் ஆன்றோ கையுறைகளைக் கழற்றிக் கம்பத்தருகே வைத்தான். கேலரி காலியாகத் தொடங்கியது.

எண்பதாவது நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. எதிரணி கோல்கீப்பர் சறுக்கி விழுந்து கிடந்தான். முன்னால் வெறும் வலை. பதினோரு வருடத்தில் நாட்டுக்காக நான் ஒரு கோலும் போட்டதில்லை. பந்தை மிதித்து நிறுத்தினேன்.

“வேணாம்டா, சொன்னபடியே முடியட்டும்,” என்றான் பின்னால் ஓடிவந்த எங்கள் கேப்டன்.

விழுந்தவன் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். நான் எங்கள் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கைகூப்பிக்கொண்டிருந்தார்.