கடைக்கண்ணில் தெரிந்த கை

வட்டவளை மலையில் பனி இறங்கி நிற்கிறது. தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அறுவை செய்து கண்ணுக்குள்ளேயே வில்லை வைத்துக்கொண்ட தங்கேஸ்வரி, இன்றுதான் மறுபடி கொழுந்தெடுக்க வந்திருக்கிறாள். முதுகில் கூடையோடு நிறுவைக்கு நிற்கிறாள். முத்தல் இலை கலந்திருந்தால் எல்லார் முன்னாலும் கங்காணி ஏசுவார். பனியில் கண்ணாடி மங்கிய நாட்களிலும் அவள் ஏச்சு வாங்கியதில்லை. எல்லாம் முருகன் காவல் என்றே இருந்தாள். இப்போது, கண்ணாடிக்கு ஒருநாளும் எட்டாத கடைக்கண்ணில், ஒரு கை அவள் கூடைக்குள் நுழைவது பளிச்சென்று தெரிகிறது. பக்கத்து நிரை ஜீவராணியின் கை.

"என்னாடி தேடுற?"

ஜீவராணி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள். "முத்தலுதான்க்கா. தெனமும் பொறுக்கிப் போட்டுப் பழகிருச்சு. இன்னைக்கு ஒண்ணுகூட இல்லயே!"

"இத்தன வருசமாவா? அடி திருடி!"

தங்கேஸ்வரி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றப் போகிறாள்.

"ஐயோ, கறைக் கை அக்கா! கண்ணுல வைக்காதீங்க. அழுவவும் வேணாம், உள்ள வச்சது நழுவிடப் போவுது!"

தங்கேஸ்வரி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ள, இருவரும் சிரிக்கிறார்கள். கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கன்னத்தில் ஒட்டிய கொழுந்துக் கறையைத் துடைக்காமலே தங்கேஸ்வரி தராசை நோக்கி நடக்கிறாள்.