மயிலுள்ளானுக்கு எண்ணத் தெரியாது

வெயில் ஏறிவிட்டது. நாலு முட்டைகளும் வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பாழாய்ப்போன உள்ளான் பறவை வரவில்லை.

ஏர்பேட்டு ஏரிக் கோரைக்குள் கட்டிய சாக்குப் படுதாவுக்குள் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். படுதாவின் ஓட்டை வழியாகக் கேமரா முட்டைகளைப் பார்த்தபடி இருந்தது. முட்டி இரண்டும் மரத்துப்போய்விட்டன.

இன்றைக்கு எடுத்தே ஆக வேண்டும். சாயங்காலத்துக்குள் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியில் கிருபாபாய் கையில் கொடுக்க வேண்டும். அவளுக்கு நாளைக்கு என்று ஒன்று உண்டா என்பதை டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"அந்தப் பட்சி எப்டிதான் இருக்கும்? ஒரு தபா காட்டுங்களேன்" என்றாள் நேற்று.

கேட்க மாட்டாளா பின்னே? கல்யாணமான நாளாக என்னோடு இந்தச் சேற்றை மிதித்தவள். ஒரு நாள்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை.

ஸ்டூடியோவில் என் பிழைப்பு மொட்டைத் தலைகளோடு. மலை இறங்கி வருவார்கள். நில் என்றால் நிற்பார்கள், சிரி என்றால் சிரிப்பார்கள். மயிலுள்ளான் அப்படியா? சரியான சந்தேகப் பிராணி. நான் தனியாகப் படுதாவுக்குள் போனால் அன்றைக்கு முழுக்க எட்டிக்கூடப் பார்க்காது.

முதல் வருஷம் ஒருநாள் கிருபாபாய் எனக்கு டிபன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவள் கரை ஏறியதுதான் தாமதம், இது நடந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

"அதுக்கு எண்ணத் தெரியாதுங்க" என்றாள் கிருபாபாய். "ரெண்டு பேர்ல ஒர்த்தர் போனா, எல்லாம் போய்ட்டாங்கன்னு நெனச்சிக்குது."

அன்றைக்கு நான்தான் சந்தோஷத்தில் படக்கென்று எழுந்து நின்றுவிட்டேன். பறவை மிரண்டு பறந்தது. கூட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. முட்டைகள் அழுகிப்போயின.

அதற்கப்புறம் அவள் ஒரு சட்டம் போட்டாள். காலையில் இரண்டு பேராகப் போவோம், அவள் மட்டும் திரும்பிவிடுவாள். மாலையில் அவள் கரையிலிருந்து கை தட்டுவாள். உள்ளான் தானாகவே நடந்து ஒதுங்கும். அது ஒதுங்கிய பிறகுதான் நான் எழுந்திருக்க வேண்டும்.

அப்படியும் ஒரு படம் தேறவில்லை. ஒன்றில் கோரை மறைத்தது, ஒன்றில் எல்லாம் மங்கல். "இது பட்சியா, மண்ணாங்கட்டியா?" என்று சிரிப்பாள்.

அடைகாப்பது ஆண், பெண் முட்டையிட்டதோடு போய்விடும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். "குடுத்து வெச்ச மவராசி" என்றாள்.

இந்த வருஷம் முட்டைகளைப் பார்த்து இந்தக் கூட்டைக் கண்டுபிடித்ததும் அவள்தான். இரண்டு பேருமாகப் படுதா கட்டினோம். அதோடு படுத்தவள்தான்.

காலையில், வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ரத்னம்மாவைக் கெஞ்சிப் பார்த்தேன். என்னோடு படுதாவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனால் போதும் என்றேன்.

"ஆம்பளயோட கோரைக்குள்ள போய்ட்டுத் தனியா வந்தா, ஊரு இன்னா பேசும் சாமி?" என்று அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அவளைச் சொல்லி என்ன பயன்?

உள்ளான் பக்கத்தில்தான் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். நான் ஒருத்தன் உள்ளே போனது அதற்குத் தெரியும். ஒருத்தரும் வெளியே வரவில்லை என்பதும் தெரியும். முட்டைகளின்மேல் வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கர்த்தாவே, ஒரே ஒரு படம் என்று வாய்விட்டே கேட்டேன்.

கரையில் யாரோ ஓடி வந்தார்கள். கிருபாபாயின் தம்பி ஜெபமணி. வேட்டியை மடித்துக் கட்டக்கூட இல்லாமல் சேற்றில் இறங்கி, நேராகப் படுதாவுக்கே வந்தான்.

அறிவிருக்கிறதாடா என்று கத்த வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா போய்ட்டா மாமா. நீங்க பஸ் ஏறுன கொஞ்ச நேரத்துக்கெல்லாம்."

அப்படியானால் இத்தனை நேரம் நான் யாருக்காக உட்கார்ந்திருந்தேன்?

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. "நீ போய் ரோட்டுல பஸ்ஸ நிறுத்து, பின்னாலயே வர்றேன்" என்றேன்.

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கோரையை விலக்கி நடந்து, கரை ஏறிப் போனான்.

கோரை அசைந்தது.

உள்ளான் நடந்து வந்தது. ஓரடி வைத்து நின்றது, இன்னோரடி வைத்து நின்றது. கண்ணைச் சுற்றிச் சந்தனம் இட்டதுபோல ஒரு வளையம். அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, வயிற்று இறகுகளை விரித்து அவற்றின்மேல் அமர்ந்தது.

படம் எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். கோரை மறைக்கவில்லை. வெளிச்சம் அத்தனை நன்றாக இருந்தது. பாரு கிருபா, பாரு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

தூரத்தில், ரோட்டில், பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

நான் எழுந்தால் அது போய்விடும். முட்டைகள் நாலும் வீணாகிவிடும்.

யாராவது கை தட்ட வேண்டும். கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.