முதல் வாய்த் தண்ணீர்

சூடான் தலைநகர் கார்த்தூமில், நீல நைலும் வெள்ளை நைலும் சேரும் இடத்தில் ஒரு நாரை தாகத்தோடு வந்து இறங்கியது.

"வாம்மா, முதல் வாய் என்கிட்டதான்" என்றது நீல நைல். "மலையிலேர்ந்து வர்ற தண்ணி."

"அங்க குடிச்சிட்டு அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டாதே" என்றது வெள்ளை நைல். "நான் அவளைவிட எவ்வளவு தூரம் நடந்து வர்றேன் தெரியுமா?"

வருஷா வருஷம் இந்த வழியாகப் போகவேண்டிய நாரை, யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. அதனால் இரண்டு நிறமும் ஒட்டுகிற கோட்டில், ஆளுக்கொரு காலாக நின்று, நடுவில் அலகை விட்டு வயிறு முட்டக் குடித்தது. இனி யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நிமிர்ந்தது.

இரண்டு ஆறும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தன.

"அதெல்லாம் சரி" என்றன முதல்முறையாக ஒரே குரலில். "இறங்கும்போது முதல் காலை யார் பக்கம் வச்சே?"