அந்தப் பேர் வேண்டாம்

“அந்தப் பேரை மட்டும் சொல்லாதீங்கய்யா!”

முப்பிடாதியம்மாள் போட்ட சத்தத்தில், மடியில் கிடந்த பூமாரி திடுக்கிட்டு விழித்தாள். ஏழு வயசுப் பெண். காலையில் கை கால் வெட்டி இழுத்து அடுப்பில் விழுந்துவிட்டாள். முழங்கை வரை வெந்துபோய், இப்போதுதான் கட்டுப் போட்டிருந்தது.

பம்பாய் மாதுங்காவின் டாக்டர் பஞ்சாபகேசன் பொறுமைசாலி. அவருக்கே எரிச்சல் வந்தது.

“காக்காய் வலிப்பை வேற என்னன்னு சொல்றது? நல்ல வேளை, கையோட போச்சு. அடுத்த தடவை முகத்தோட விழுந்தா?”

“மெள்ளப் பேசுங்கய்யா. வெளிய எங்க தாராவி ஆளு உக்காந்திருக்கா. வர்ற வெள்ளி அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அதுக்குள்ள ஊரெல்லாம் பரவிரும்.”

வாஸ்தவம்தான். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பெஞ்சில் காத்திருந்தாள். இவர்களைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து இடம் விட்டவள்.

“பொம்பளப் பிள்ளய்யா,” என்று கைகூப்பினான் கணவன் வெயிலுமுத்து. “நாளைக்கு எவன் கெட்டுவான்? பேரு வேண்டாம், மருந்து மட்டும் குடுங்க.”

பெற்றவர்களின் இந்தப் பயம் டாக்டருக்குப் புதிதல்ல. பாவமாகவும் இருந்தது.

“சரி, பேரை விடுங்கோ. குழந்தை எப்பவாவது தலையில அடிபட விழுந்தாளா?”

“போன தீபாவளிக்கு மாடிப்படியில உருண்டா.”

“அதனால வந்ததா, குடும்பத்திலேயே இருக்கறதான்னு எனக்குத் தெரியணும். குடும்பத்துல இருந்தா மாத்திரை போதும். யுத்த காலமானாலும் எப்படியாவது வரவழைச்சுத் தரேன். அடிபட்டுத்தான் வந்ததுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும். அங்கே மண்டையைத் திறந்து பார்ப்பா. உங்க ரெண்டு பேர் வழியிலேயும் யாருக்காவது இருக்கா?”

“இல்லய்யா! ஒருத்தருக்கும் இல்ல!”

வெயிலுமுத்து முந்திக்கொண்டான். மனைவி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார். “அப்போ ஆபரேஷன்தான்.”

“என் மண்டையத் தொறப்பாங்களாம்மா?” என்றாள் பூமாரி.

முப்பிடாதியம்மாள் திரைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“எழுதாதீங்கய்யா!”

“ஏளா, சும்மா இரு!” வெயிலுமுத்து பல்லைக் கடித்தான். “கொடைய நெனச்சுப் பாரு. அப்புறம் நம்மள எவன் மதிப்பான்?”

“கொடை கெடக்கட்டும்.” இப்போது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “எனக்கும் இதே வலிப்புதான்யா, சின்ன வயசுலேர்ந்து. கொட்டுச் சத்தம் கேட்டா வந்திரும். ஊருசனம்தான் அம்மன் எறங்கியிருக்கான்னு கால்ல விழுந்து எங்கிட்ட குறி கேக்குது.”