அரசு அமைந்த மறுநாள்

“அரசு அமையட்டும். மறுநாளே அந்த முதியோர் இல்லத்துல போய்ப் படுத்துக்கிறேன்.”

ஓடிலோன் இதைச் சொன்னது உருளைக்கிழங்கு தோண்டுவதற்கு முன்பா பின்பா, எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஞாயிறும் புதனும் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். சொல்லிவிட்டு, மகன் யோரிஸின் உள்ளங்கையில் தன் உள்ளங்கையால் பளாரென்று அறைந்தார். ஆயுள் முழுக்கக் குதிரை விற்றவர். கையில் அறைந்து சொன்ன சொல்லை மாற்றியவன் அந்தச் சந்தையில் மறுபடி தலைகாட்ட முடியாது.

பெல்ஜியத்தில் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கட்சிகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. பதவி விலகிய அமைச்சர்களே அலுவலகம் போய், பழைய பட்ஜெட்டைப் பன்னிரண்டாகப் பிய்த்து மாதாமாதம் நாட்டை ஓட்டினார்கள். பென்ஷன் வந்தது, ரயில் ஓடியது, குப்பை வண்டியும் வந்தது. யோரிஸைத் தவிர யாருக்கும் அவசரமில்லை. அப்பா குளியலறையில் இரண்டு தடவை விழுந்திருந்தார். அடுத்த தடவை யார் தூக்குவது என்பது அவன் கவலை. ஹாலெ ஊர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருந்தது.

ஓடிலோன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று யோரிஸ் விடாமல் கேட்டதற்கு, “அங்க ஜன்னல் நாலு விரக்கடைதான் திறக்குது,” என்றார்.

ஞாயிறுதோறும் மகள் ரைன்ஹில்டா பிரஸ்ஸல்ஸிலிருந்து வருவாள். கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் நடந்துகொண்டிருப்பாள். மேசைமேல் கைபேசி அதிர்ந்துகொண்டே இருக்கும். எடுக்க மாட்டாள். கவிழ்த்து வைப்பாள், நிமிர்த்திப் பார்ப்பாள், மறுபடி கவிழ்ப்பாள்.

அந்த அறையை இல்லத்தார் அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள் என்று யோரிஸ் அவளிடம் முறையிட்டான். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் பழி யாருக்கு என்றும் கேட்டான். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“பேச்சு நடத்துற அத்தனை பேரையும் ஒரு ரூம்ல பூட்டி வைக்கணும். ஒரே நாள்ல முடிஞ்சிடும்,” என்றான்.

“பூட்டித்தான் வச்சிருக்காங்க அண்ணா. சாப்பாடுதான் ரொம்ப நல்லா இருக்கு.”

ஓடிலோன் மட்டும் சிரித்தார்.

அன்று அவள் கிளம்பும்போது, தடியை ஊன்றிக்கொண்டு கார்வரை வந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு முடிஞ்சிரும்னு ரேடியோவுல சொல்றான்,” என்றார் மகளிடம்.

“ரேடியோ சொல்றதை எல்லாம் நம்பாதீங்க அப்பா.”

“பெட்டி கட்டி வச்சுட்டேன். கையில அறைஞ்சு சொன்னது, மாற மாட்டேன். அமைஞ்சா நீ எங்கிட்ட மறைக்கக் கூடாது.”

“மறைக்க மாட்டேன்.”

கார் கதவைத் திறந்தவள், திரும்பி வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் வேறொரு நோயாளியின் வீட்டில் ரேடியோ கேட்டேன். பேச்சு நடத்திய ஆறு கட்சிகளில் ஐந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. ஆறாவது கட்சியின் தலைவர் ரைன்ஹில்டா மட்டும், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய எல்லைத் தொகுதியைப் பிரிக்கும் விவகாரத்தை முதலிலிருந்து பேச வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டாராம்.

ஓடிலோன் அந்தக் குளிர்காலத்தில் தன் வீட்டில், தன் கட்டிலில் இறந்தார். யோரிஸ் வீட்டை விற்றுவிட்டான். அடக்கம் முடிந்த வாரமே ரைன்ஹில்டா கையெழுத்திட்டார். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.