சிவக்காத இடம்

நான்காம் துணியில் ஓர் ஆள் நின்றது.

சுற்றிலும் ரத்தச் சிவப்பு. ஆள் நின்ற இடம் மட்டும் மங்கிய பச்சை.

சுவரோரம் தொங்கும் ஈரத் துணிகளில் பாசியைக் களிம்பு மாதிரி பூசி, எதிரே பெரிய விளக்குகளை ராப்பகலாக எரியவிடுவதுதான் அங்கே வேலை. பச்சைப் பாசி அந்த வெளிச்சம் தாங்காமல் சிவந்துபோகும். அந்தச் சிவப்பைச் சுரண்டி மாத்திரைக்கும் மீன் தீவனத்துக்கும் அனுப்புவார்கள். நிழல் விழுந்தால் சிவக்காது. சிவக்காத இடம் நஷ்டம்.

யாருடைய நிழல் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இடப்பக்கம் சாய்ந்த அந்தத் தோள் அங்கே ஒருத்திக்குத்தான் உண்டு. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளையில் அவள் அங்கே போய் நிற்பது உண்மைதான். விளக்குகளுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். அதற்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

மகள் காய்ச்சலில் போய் மூன்று வருடம். தோளும் மகளால் வந்ததுதான். எட்டாத சின்னக் கைக்காகச் சாய்ந்தே நடந்த தோள், கை போன பிறகும் நிமிரவில்லை.

சூப்பர்வைசரின் எரிச்சலெல்லாம் அவள் நிழலுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றின் மேல். சின்னது. கொஞ்சமும் மங்காத, பூசிய அன்றைய பச்சை.

“அரை மணி நேரம் நின்னா இவ்வளவு பச்சையா இருக்காது. வாளியை நாள் முழுக்க இங்கயே வெச்சிருக்கீங்க.”

சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் சுரண்டச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டமும் கலைந்தது. அவளும், அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்ட நாத்தனாரும்தான் மிச்சம்.

வாளிதான் என்று நாத்தனாரும் சொன்னாள். துணியைப் பார்க்காமல் அவசர அவசரமாகச் சொன்னாள்.

வாளிகள் எப்போதும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும். தவிர, வாளிக்குப் பறட்டைத் தலை கிடையாது. அது யாருடைய விரலையும் பிடித்துக்கொண்டு நிற்காது.

சுரண்டும் தகட்டை எடுத்தவளுக்குக் கை வரவில்லை. மகளை இன்னொரு முறையும் அனுப்ப வேண்டுமா?

கடைசியாகத் தலை வாரிவிட்டபோது மகள் எவ்வளவு உயரம் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். தொடையருகே அந்த உயரத்தில் கையைத் துணிமேல் வைத்தாள்.

கை, பச்சை நிழலின் நெஞ்சில் பட்டது. தலை அதற்கும் மேலே இருந்தது.

“இடுப்பைத் தாண்டிட்டா, அண்ணி.”

நாத்தனாரின் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

சாய்ந்த தோளை அண்ணி மெல்ல நிமிர்த்தினாள். பிறகு அந்தப் பறட்டைத் தலையிலிருந்து, வாரிவிடுவது போல, மேலிருந்து கீழாகச் சுரண்டத் தொடங்கினாள். போகட்டும். நாளைக்குப் புதுத் துணி மாட்டுவார்கள். அதில் இன்னும் கொஞ்சம் உயரமாக வருவாள்.

நாத்தனார் வெளியே போய் வாளியை எடுத்து வந்தாள். அண்ணியின் இடப்பக்கம்தான் அவளுக்குக் கிட்டம். ஆனால் அந்தப் பக்கம் வராமல், சுற்றிக்கொண்டு வலப்பக்கமாக வந்து வாளியை வைத்தாள்.